இந்தியானாவில் குவேக்கர்கள் குடியேறிய ஃபவுண்டன் சிட்டி: ஒரு நாளை ஒதுக்கிப் போய்ப் பார்க்கும் அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?

கேள்வியைப் பார்த்ததுமே உங்கள் நிலைமை புரிந்துவிட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். நயாகரா முடிந்திருக்கும், சிகாகோவும் முடிந்திருக்கும். மிச்சமிருக்கும் சனிக்கிழமைக்கு எங்கே போவது என்று மேப்பைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொலம்பஸிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் போனேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குவேக்கர்கள் என்றால் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர். குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் தொப்பியோடு சிரிக்கும் தாத்தாவுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கம்பெனி பெயரை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. என் மைத்துனர் இன்றைக்கும் "ஓட்ஸ் ஊருக்குப் போனீங்களே" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. நெடுஞ்சாலையின் இருபக்கமும் கொஞ்சம் வீடுகள், தாண்டினால் சோளமும் சோயாவும். அடிமை முறை பிடிக்காமல் வட கரோலைனாவிலிருந்து கிளம்பி வந்த குவேக்கர்கள் குடியேறிய இடம். அப்போது பெயர் நியூபோர்ட். பார்க்க வேண்டியது 1839-இல் கட்டிய ஒரே ஒரு செங்கல் வீடு. லீவை காஃபின், கேத்தரின் காஃபின் என்ற கணவன் மனைவி வாழ்ந்தது. தெற்கிலிருந்து தப்பி கனடா நோக்கிப் போன அடிமைகளுக்குச் சோறு போட்டு, ஒளித்து வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக வண்டியேற்றி அனுப்பிய வீடு. ஆண்டுக்குச் சராசரியாக நூறு பேருக்கு மேல் வந்து போனதாக லீவையே எழுதி வைத்திருக்கிறார். ஒளித்து வைத்தவர் பிடிபட்டால், தப்பியோடிய அடிமைகள் பற்றிய 1793-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 டாலர் அபராதம். அந்தக் காலத்து 500 டாலர்!

மாடியில் ஒரு சின்னக் கதவைக் காட்டினார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். கூரைச் சரிவுக்குக் கீழே நீளமான இருட்டு. கட்டிலின் தலைமாட்டை முன்னால் இழுத்துப் போட்டால் கதவு இருப்பதே தெரியாது. ஒரே சமயத்தில் பதினாலு பேர் வரை ஒளியலாம் என்று வழிகாட்டிப் பெண்மணி சொன்னார். எல்லோரும் எட்டிப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா எட்டிப் பார்க்கவில்லை. என் காதருகே வந்து கேட்டாள்:

"பதினாலு பேருன்னா ஒரு நாளைக்கு எத்தன குடம் தண்ணி ஆவும்? அம்புட்டையும் வெளிக் கிணத்துல போயி இறைச்சா அக்கம்பக்கத்துல கேக்க மாட்டாவளா, உன் வீட்டுல யாருட்டி விருந்துன்னு?"

அம்மா கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி இருபது வருஷம் தெருக்கிணற்றில் தண்ணீர் எடுத்தவள். யார் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது, யார் வீட்டில் பிள்ளைக்குப் பேதி, எல்லாமே கிணற்றடிக்குத் தெரிந்துவிடுமாம். குடத்தை எண்ணினால் போதும்.

நான் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண்மணி அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கீழே வாருங்கள்" என்றார். நிலவறைச் சமையலறைப் பக்கம் வீட்டுக்குள்ளேயே கிணறு! இத்தனை தண்ணீர் எதற்கு என்று வெளியில் யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்றே அப்படி என்றார். அம்மா விளிம்பைப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, "பொம்பளை யோசனையாத்தான் இருக்கும்" என்றாள். அது யார் யோசனை என்று எனக்குத் தெரியாது, அம்மாவிடம் வாதாடவும் இல்லை.

'வெள்ளைக்காரன் புராணம் பாடுகிறான்' என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: குவேக்கர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. காஃபின் அங்கே வருவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவை சுற்றுவட்டாரத்து விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்கள். இந்தியானாவின் குவேக்கர் சபையிலேயே பெரிய தலைகள் 'அடிமை ஒழிப்புச் சங்கங்களில் சேராதே' என்று அடக்கப் பார்த்தன. அதனால்தான் 1843-இல் காஃபின் தரப்பு பிரிந்து தனிச் சபை வைத்தது. சட்டத்துக்குப் பயந்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. பக்கத்து வீட்டுக் கணக்கு பார்ப்பவர்களும்தான்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னையில் எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு செயலாளர் இருந்தார். தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருந்த மாதம், மீட்டரைப் பார்த்துவிட்டு வாட்ஸப் குழுவில் எழுதினார்: 'எஃப் பிளாக் இரண்டாம் மாடியில் கூடுதல் நபர்கள் தங்குவதாகத் தெரிகிறது. லாரித் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?' பச்சைக் குழந்தை ஐயா! அதற்கும் ஒரு தலைக்கட்டு போட்டு வாங்கினார். அம்மா அந்தக் கிணற்றடியில் நின்று அவர் பெயரைச் சொல்லி என்னவோ முணுமுணுத்தாள். அதை இங்கே எழுத முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டிக்கொட்டகையைத் தவறவிடாதீர்கள், அடியில் ஆள் படுத்துக்கொள்ள இடம் வைத்த வண்டி இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்துக் காட்சிகளையும் பாருங்கள். அடிமை உழைப்பில் விளைந்த பருத்தியைத் தொடாத வியாபாரம் செய்யவே காஃபின் 1847-இல் சின்சினாட்டிக்குப் போனார் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் போதும். திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். முதல் தடவை நான் பார்க்காமல் போய், பூட்டிய கதவுக்கு எதிரே காரில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அப்பா அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் மாடியை விட்டுவிடலாம், கிணற்றை விடாதீர்கள்.