கல்பாத்தித் தேருக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர்: எங்கே தொடங்குவது?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகளுடன் அவளுடைய அலுவலகத் தோழி நவம்பரில் வருகிறார். அவர் இந்தியாவுக்கு வருவது இதுவே முதல் முறை. பாலக்காட்டில் நடக்கும் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அவரைக் கோயிலுக்குள் அனுமதிப்பார்களா, எந்த நாள் ஏற்றது, நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, எதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்?

பதில்: முதல் முறை வருபவருக்குத் தேர்த் திருவிழாவைத் தேர்ந்தெடுத்தது மிகப் பொருத்தம். சன்னதிக்குள் நடக்கும் உற்சவத்தில் அவர் வாசலிலேயே நின்றுவிட நேரும். தேரில் சுவாமியே வீதிக்கு வருவதால் எவரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அவரை வேடிக்கை பார்ப்பவராக ஓரத்தில் நிறுத்தாமல், விழாவில் சிறிய பங்கு ஒன்றைக் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை.

கோயில் நுழைவு பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிவிடுங்கள். கேரளத்தின் பெரும்பாலான இந்துக் கோயில்களில் பிற மதத்தவர் உள்ளே செல்ல அனுமதி இல்லை. 1965-ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டத்தையொட்டிய விதிகளும் அதையே சொல்கின்றன. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பல கோயில்களில் கொடிமரம் வரையிலாவது விடுவார்கள் என்பதால், அங்கே போய்வந்த நண்பர்கள் சொன்னதைக் கேட்டு உங்கள் விருந்தினர் வேறு விதமாக எதிர்பார்த்திருக்கலாம். நடைவாசலில் ஒருவர் தடுத்த பிறகு தெரிந்துகொள்வது யாருக்கும் மனம் நோகும் அனுபவம். ஆகவே கோயில் அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிந்து, அவர் ஊரிலிருந்து புறப்படும் முன்பே உங்கள் மகள் வழியாகச் சொல்லிவிடுங்கள். இந்த விதி சரியா என்று அவர் கேட்டால், கேரளத்திலேயே இதைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு என்ற உண்மையையும் தயங்காமல் சொல்லலாம்.

விழா ஐப்பசிக் கடைசியில், பெரும்பாலும் நவம்பர் 14, 15, 16 தேதிகளை ஒட்டி வருகிறது. முதல் நாள் விசுவநாத சுவாமி கோயிலின் தேர்கள் புறப்படும். அடுத்த இரு நாட்களில் மந்தக்கரை மகாகணபதி, பழைய கல்பாத்தி லட்சுமி நாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதி ஆகிய கோயில்களின் தேர்களும் சேர்ந்துகொள்ள, மூன்றாம் நாள் மாலை எல்லாத் தேர்களும் தேர்முட்டி என்ற இடத்தில் சங்கமிக்கும். எல்லோரும் அந்த மாலைக்குத்தான் விருந்தினரை அழைத்துப் போகிறார்கள். முதல் முறை வருபவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அந்த நெரிசலில் தலைகளையும் வெடிச் சத்தத்தையும் தவிர வேறெதுவும் அவர் மனத்தில் நிற்காது. முதல் தேர்நாளுக்கு முந்தைய மாலை அக்ரகாரத்தில் ஒருமுறை நடந்து வாருங்கள். வாசலை மறைக்கும் அளவு கோலம் போடுபவர்களையும், தேருக்கு வாழை மரம் கட்டுபவர்களையும் நின்று பார்க்க அப்போது இடம் இருக்கும். நாதஸ்வரமும் செண்டையும் ஒரே வீதியில் ஒலிப்பதையும், திண்ணையில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவதையும் அவர் அங்கேயே கேட்டுவிடுவார்.

காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கத்தை 1425-ஐ ஒட்டி லட்சுமி அம்மாள் என்ற பெண்மணி இங்கே பிரதிஷ்டை செய்வித்தார் என்ற தல வரலாற்றை ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து சொன்னால், ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்பது ஏன் வந்தது என்று அவருக்கே விளங்கும். அதற்கு மேல் புராணம் வேண்டாம்.

மறுநாள் காலை, தேர்க்காலுக்கு முட்டுக்கட்டை கொடுப்பவர்களைக் காட்டுங்கள். பெரிய மரக்கட்டையைக் கையில் ஏந்தி, உருண்டு வரும் சக்கரத்தோடு பின்னோக்கி நடந்து, தேர் திரும்ப வேண்டிய கணத்தில் கட்டையைச் சக்கரத்தின் கீழ் செருகி விலகும் அந்த வேலையில் பிசகினால் காலே போய்விடும். அத்தனை பெரிய தேரை அந்தக் குறுகிய வீதியில் திருப்பிக் கொண்டுபோகும் தொழில்திறன் அதில்தான் இருக்கிறது. நம்மவர்களே அதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். அவர் வடம் பிடிக்க விரும்பினால் விழாக் குழுவினரிடம் கேட்டுவிட்டு, வடத்தின் முன்பகுதியில், பெண்கள் சேர்ந்து நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தின் அருகே வேண்டாம். தேரைப் பின்னிருந்து முட்டித் தள்ள யானையைக் கொண்டுவருவார்கள். அதனிடமிருந்து நன்றாக விலகியே நில்லுங்கள், படமெடுக்க நெருங்க விடாதீர்கள். யானையை இப்படிப் பயன்படுத்துவது அவருக்கு வேதனையளித்தால் வாதாட வேண்டாம்; அந்தக் கேள்வி கேரளத்திலும் பலகாலமாகக் கேட்கப்படுவதுதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டு மேசையில் பதிமுக மரச் சீவல் போட்டுக் கொதிக்க வைத்த இளஞ்சிவப்பு நீர் இருக்கும் அல்லவா? அது சாயம் கலந்த தண்ணீரோ என்று ஐயப்பட்டு அவர் நாள் முழுக்கத் தாகத்தோடு இருந்துவிடக்கூடும். சீவலை எடுத்துக் காட்டி, கொதிக்க வைத்த நீர் என்பதைச் சொல்லிவிடுங்கள். வெளியே மூடி உடைக்காத பாட்டில் நீர் மட்டும் போதும். முதல் இரண்டு நாட்கள் பாலக்காட்டு மொளகூட்டல், ஓலன், தயிர் என்று காரம் குறைந்தவற்றையே வையுங்கள். மொளகூட்டலில் பருப்பும் தேங்காயும் சீரகமும்தான் முன்னே நிற்கும் என்பதால் பழக்கமில்லாத வயிற்றையும் அது தொந்தரவு செய்வதில்லை. புளியிஞ்சியும் ஊறுகாயும் இலையோரத்தில் ஒரு துளி இருக்கட்டும். கரண்டி ஒன்றை இலைக்குப் பக்கத்தில் பேசாமல் வைத்துவிடுங்கள். எல்லோரும் சூழ்ந்து நின்று அவர் கையால் பிசைவதைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். விருந்தில், பரிமாறுபவரிடம் ‘போதும்’ என்று இலைமேல் கை நீட்டிச் சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுங்கள். நம் உபசாரத்தின் வேகம் அவருக்குத் தெரியாது.

உடைக்குப் பருத்திச் சுரிதார் போதும். கழற்றி மாட்ட எளிதான செருப்பும், மாலை மழைக்கு ஒரு குடையும் இருக்கட்டும். காதடைப்பான் கொண்டுவரச் சொல்லுங்கள். பரிசு என்ன வாங்கிவருவது என்று கேட்டால் மதுவும் தோல் பொருளும் தவிர்த்து எதுவானாலும் சரி.

அவருக்குச் சொல்லி வைப்பதைவிட உங்கள் உறவினர்களுக்குச் சொல்லி வைப்பதே அவசரம் என்று நினைக்கிறேன். ‘கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு’ என்ற விசாரிப்பு நமக்கு அன்பு. அவருக்கு அது விசாரணையாகப் படலாம். அவரை நடுவில் நிறுத்தி ஆளுக்கொரு படம் எடுப்பதும் வேண்டாம். அதேபோல, பூஜை செய்பவர்களையும் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்களையும் கேட்காமல் படமெடுக்கக் கூடாது என்பதை அவரும் அறிந்திருக்க வேண்டும். ஹோலியைப் பற்றிப் படித்துவிட்டு வந்து வண்ணப்பொடி எங்கே என்று தேடுபவர்கள் உண்டு. ஆகவே ‘இந்தியாவில் இப்படித்தான்’ என்று பொதுவாகச் சொல்லாமல் ‘எங்கள் வீட்டில், இந்த ஊரில் இப்படி’ என்று சொல்லிப் பழகுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். ‘சி படிவம்’ என்று பலரும் அறிந்திருக்கும் இந்தக் கடமை, 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழும் தொடர்கிறது. விடுதிக்காரர்கள் வழக்கமாகச் செய்துவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. அவருடைய கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகலை இப்போதே வாங்கி வைத்து, உங்கள் பெயரில் இணையக் கணக்கு தொடங்குவதை அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.