படிப்ப விட்ட பிள்ளைங்கள ஸ்கூல்ல சேர்க்க ஊர்க்காரங்கள எப்படி இறக்கறதுன்னு கேட்டதுக்கு

நான் திருவாரூர் பக்கம், எங்க ஏரியாவ வச்சே சொல்றேன். பேனர், ஊர்வலத்தால பெருசா ஒண்ணும் நடக்காது. நடவு சீசன்ல அம்மாங்க விடிஞ்சதுமே வயலுக்கு போயிடுவாங்க, அப்ப சின்னத யாரு பாத்துக்கறது, மூத்த பொண்ணுதான், அவ ஸ்கூலுக்கு வராம நிக்கறது படிப்பு புடிக்காம இல்லங்க. அதனால மொதல்ல நடவுக்கு ஆள் கூட்டிட்டு போற அக்காகிட்ட பேசுங்க, அவங்க சொன்னா தெருவே கேக்கும். பகல்ல போனா வீடு பூட்டி கெடக்கும், பொழுது சாஞ்சப்புறம் போங்க, சின்னதுக்கு ரெண்டு வயசு ஆயிருந்தா அங்கன்வாடில விடச் சொல்லுங்க.

அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசி பேர் பெத்தவங்க, பாதி பேர் பொம்பளைங்க இருக்கணும். அந்த கூட்டத்துல தெரு வாரியா விடுபட்ட பேர எழுதுங்க. செங்கல் சூளைக்கு போய்ட்டு திரும்புன குடும்பம்லாம் டிசி இல்ல, பர்த் சர்டிபிகேட் இல்லன்னு பயந்தே ஸ்கூல் பக்கம் வராது. 6லேர்ந்து 14 வயசு வரைக்கும் அத காரணமா சொல்லி சேர்க்காம விடக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது, வயசுக்கேத்த கிளாஸ்லயே சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்கு தனியா பயிற்சி குடுக்கணும். இத அவங்க வீட்டு வாசல்ல உக்காந்து பொறுமையா சொல்லுங்க, அட்மிஷன் அன்னைக்கு குழுல ஒருத்தர் கூடவே போங்க.