நாள் குறைப்பாவளா?

கேள்வி: கஞ்சா வழக்கில் ஒரு தடவை உள்ளே போய் வந்தவன் மறுபடியும் அதே வேலையைச் செய்கிறான். அவனுக்கும் நன்னடத்தை என்று சொல்லி தண்டனையைக் குறைப்பது நியாயமா?
- வாசகர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: யார் குறைத்தார்கள்? போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது 1985இல். 1989இலேயே 32ஏ பிரிவைச் சேர்த்து அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். முதல் தடவையோ மூன்றாம் தடவையோ, ரெமிஷன் (தண்டனைக் குறைப்பு) கிடையாது. போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்துக்கு மட்டும்தான் விலக்கு. மறுபடி தண்டிக்கப்பட்டவருக்கு 31ஆம் பிரிவு வேறு இருக்கிறது. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் 10 முதல் 20 ஆண்டு; இரண்டாம் தடவை அது ஒன்றரை மடங்காகும். மேல்முறையீட்டின்போது தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் 32ஏ பறித்திருந்தது; 2000இல் உச்ச நீதிமன்றம் அதை நீதிமன்றங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. ரெமிஷன் தடையை அப்படியே விட்டுவிட்டது.

இது தெரியாத ஒரு தாயை வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பாளையங்கோட்டை சிறையில் மகனை மனு பார்க்கப் போகிறார். மஞ்சள் பையில் பிஸ்கட்டும் நாலு ஆரஞ்சும். முதலில் பொட்டலத்தோடு பிடிபட்டவன், அடுத்த தடவை யாரோ கொடுத்த பையோடு பிடிபட்டிருக்கிறான். இரண்டு தடவையும் போதைக்குக் காசு வேண்டித்தான். "உள்ள நல்ல பேரு எடுத்திருக்கான் சாரே. நாள் குறைப்பாவளா?" என்றார். இல்லையம்மா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

லாபத்துக்காகப் பள்ளிக்கூட வாசலில் விற்பவன் முழுத் தண்டனையும் அனுபவிக்கட்டும். அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அடிமையாகிப்போனவன் திரும்பவும் விழுவது அந்த நோயின் குணம். அவனையும் வியாபாரியையும் ஒரே பூட்டில் அடைத்துவிட்டு, திருந்தினாலும் ஒரு நாள்கூடக் குறையாது என்றால் அவன் எதற்குத் திருந்த வேண்டும்? 32ஏ இவர்களுக்காகவாவது தளர வேண்டும்.

அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. சிறிய அளவோடு (கஞ்சா என்றால் 1 கிலோ வரை) சிக்கிய அடிமை, தானே முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்தே தப்பலாம். அந்தப் பையனின் முதல் வழக்கில் இதை யாரும் அந்தத் தாயிடம் சொல்லவில்லை. உங்கள் தெருவில் ஒரு பையன் பொட்டலத்தோடு பிடிபட்டால் நீங்கள் சொல்லுங்கள். முதல் வழக்கிலேயே வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள்.