மாமியோடு இரண்டு நாள் மார்செய்

கேள்வி: பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் இருக்கிறோம். நான், கணவர், ஒன்பதும் ஆறும் வயதில் இரண்டு பிள்ளைகள், மாமி. மாமி வல்வெட்டித்துறையில் பிறந்தவர். பிரான்ஸுக்கு வந்தபிறகு கடல் பக்கமே போகவில்லை என்பது அவருடைய பெரிய குறை. முழங்கால் வலி, படி ஏறக் கஷ்டம். செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிற மாதிரி மார்செய் போக நினைக்கிறோம். அது புரட்டாதி, சனிக்கிழமை மாமி மச்சம் தொடமாட்டார். கணவர் கலாங்க், இஃப் கோட்டை, கசி, எக்ஸ் என்று பதினான்கு இடங்களை எழுதி வைத்திருக்கிறார். பட்டியலைப் பார்த்தாலே எனக்குக் களைப்பாக இருக்கிறது. அது பயமான ஊர் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரி, பதினான்கில் பத்தை இப்போதே அடித்துவிடச் சொல்லுங்கள். கணவருக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் அவரே பிறகு சந்தோஷப்படுவார். வேகமாக நடப்பவரை வைத்துத் திட்டம் போட்டால் மாமி இரண்டு நாளும் "என்னால்தான் உங்களுக்குத் தாமதம்" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் கால் போகிற வேகத்தில் திட்டம் போடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அந்த வேகம்தான் சரி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் அறைக்கு வந்து ஒரு சின்னத் தூக்கம். இவ்வளவு போதும்.

முதலில் கலாங்க். அந்தச் சுண்ணாம்புப் பாறைக் குடாக்கள் அழகுதான், மறுக்கவில்லை. 2012 முதல் அது தேசியப் பூங்கா. ஆனால் நிலத்து வழியாகப் போனால் கல்லும் சரிவுமான பாதை, திரும்பி ஏறவும் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் முடியக் காட்டுத்தீ அபாயம் அதிகமான நாளில் வழியையே மூடிவிடுவார்கள். இஃப் கோட்டையில் தேய்ந்த கற்படிகள். கசியும் எக்ஸும் வேறு ஊர்கள், அவற்றுக்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும். இந்த முறை மார்செய் மட்டும்.

ரயில் பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து. டிஜிவி அதிவேக ரயிலில் மூன்றேகால் மணிநேரத்துக்குப் பக்கமாக ஆகும். வார இறுதிப் பயணத்துக்கு அவோந்தாஜ் அட்டை வாங்கினால் பெரியவர்களுக்கு 30 சதவீதமும், கூட வரும் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். உய்கோ என்ற மலிவு விலை ரயிலுக்கு அந்தக் கழிவு கிடையாது, அதன் விலையே சில நாள் மலிவாக இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிக்கெட் போடும் முன் அந்த வார இறுதியில் வெலோட்ரோம் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஓட்டல் விலை ஏறும், மெட்ரோ நெரிசலாகும்.

மார்செய்யின் சேன் ஷார்ல் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் 104 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு. மேலே நின்று ஊரைப் பார்த்துவிட்டு, மாமியை இறங்க விடாமல் நிலையத்திலேயே முதலாம் மெட்ரோவைப் பிடியுங்கள். இரண்டாவது நிறுத்தம் பழைய துறைமுகம், வியூ போர். அறை அங்கேயே, நீர் விளிம்பை ஒட்டிய சமதளத்தில் எடுங்கள். பனியே என்ற பழைய குடியிருப்புப் பகுதியில் அழகான வீடுகள் குறைந்த வாடகைக்கு வரும், ஆனால் அது மேடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை என்பதைப் பலர் சாவி வாங்கும்போதுதான் அறிகிறார்கள். லிஃப்ட் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சனிக்கிழமைக்கு எனக்கு மிகவும் பிடித்த யோசனை லெஸ்தாக். பழைய துறைமுகத்திலிருந்து நகரப் போக்குவரத்தின் படகு அங்கே போகும். வசந்தத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை ஓடும் சேவை அது, அந்த வருடத்து அட்டவணையில் கடைசி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நாற்பது நிமிடம் கடலில். இரண்டு கோட்டைகளுக்கு நடுவே படகு வெளியே வந்ததும் காற்றில் உப்பு வாசம் அடிக்கும். மாமியை ஓரத்து இருக்கையில் உட்காரவையுங்கள். செசானும் ப்ராக்கும் வந்து தங்கிப் படம் வரைந்த சின்னத் துறைமுகம் லெஸ்தாக். இப்போது அங்கே எல்லோரும் தேடுவது கரையோரப் பெட்டிக்கடைகளின் பனிஸ். கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் களிபோலக் கிண்டி, உருளையாக உருட்டி ஆறவைத்து, வட்ட வட்டமாக அரிந்து கொதிக்கிற எண்ணெயில் பொரிப்பார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. மேலே உப்பும் மிளகும் தூவிக் காகிதத்தில் சுற்றிச் சுடச்சுடத் தருவார்கள். புரட்டாதிச் சனிக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு அந்த ஊரில் இல்லை. எண்ணெயில் மீன் பொரிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஷிஷி, சீனியில் புரட்டிய நீளப் பலகாரம்.

மாலையில் நோத்ர்தாம் து லா கார்த். துறைமுகத்திலிருந்து 60ஆம் இலக்கப் பஸ் மலை மேலேயே கொண்டுபோய் விடும். அங்கிருந்தும் சில படிகள் உண்டு, நின்று நின்று ஏறலாம். 1864இல் அபிஷேகம் செய்த தேவாலயம் அது, உச்சியில் பொன்முலாம் பூசிய மாதா. எல்லோரும் காட்சிக்காகப் போகிறார்கள். நீங்கள் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் உருவங்கள் தொங்கும். புயலில் தப்பி வந்த மாலுமிகள் நேர்த்திக்கடனாகக் கொடுத்தவை. சுவரெல்லாம் நன்றி சொல்லும் பளிங்குப் பலகைகள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனது மாமிக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வைப்பதற்கு இது நல்ல இடம்.

ஞாயிறு முழுவதும் மாமியின் நாள். காலை எட்டு மணிக்கு 83ஆம் பஸ்ஸில் கத்தலான் கடற்கரை. சின்ன மணற்கரை, ஊருக்கு மிகக் கிட்ட. மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, காற்றில்லாத நாளில் அலையும் அடங்கித்தான் இருக்கும். கால் நனைத்து நிற்கப் பயமில்லை. செப்டம்பரில் தண்ணீர் கோடைச் சூட்டை இன்னும் வைத்திருக்கும். அப்புறம் துறைமுகத்துக்குத் திரும்பினால் மீன் சந்தை. மீனவர்கள் படகிலிருந்து இறக்கியதைக் கரையிலேயே வைத்து விற்பார்கள், சில மீன் இன்னும் துடிக்கும். மாமி செவுளைத் தூக்கிப் பார்க்கக் கூடும், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். பக்கத்தில் கண்ணாடிபோல மினுங்கும் பெரிய கூரைப்பந்தல் இருக்கிறது, நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 2013இல் திறந்தது. கீழே நின்று நிமிர்ந்தால் பிள்ளைகள் தலைகீழாகத் தங்களையே பார்க்கலாம்.

மதியம் மீன். புயாபேஸ் சாப்பிடலாமா என்று கணவர் கேட்பார். ஒழுங்காகச் செய்கிற இடத்தில் ஆளுக்கு 60 யூரோவைத் தாண்டும், முன்கூட்டியே சொல்லிவைக்கவும் வேண்டும். குங்குமப்பூப் போட்ட மீன் ரசம் முதலில், பிறகு மீன் தனியாக. ஐந்து பேருக்கு அது வேண்டாம். பெரியவர்கள் இரண்டு பேர் ஒன்றைச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கு மீன் சூப்பும் பொரித்த சின்ன மீனும் எடுங்கள்.

எல்லாவற்றையும் கலைக்கக் கூடியது மிஸ்த்ரால். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வரும் வாடைக்காற்று. வானம் பளிச்சென்று இருக்கும், படகு மட்டும் ஓடாது. வெள்ளி இரவே காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். சனி பலமாக இருந்தால் லெஸ்தாக்கை ஞாயிறுக்குத் தள்ளி, சனி காலை மியூசெம் அருங்காட்சியகத்தில் கழியுங்கள். உள்ளே லிஃப்ட் உண்டு. இரண்டு நாளும் காற்று என்றால் ஷொலியேத் மெட்ரோ நிலையத்திலிருந்து 35ஆம் பஸ் லெஸ்தாக் போகும். அந்த மாதத்தில் திடீர்ப் பெருமழையும் வரும், எல்லோருக்கும் மழைச்சட்டை எடுங்கள்.

பயத்தைப் பற்றி. செய்தியில் வரும் துப்பாக்கிச் சண்டைகள் பெரும்பாலும் வடக்குக் குடியிருப்புகளில் போதைப்பொருள் கும்பல்களுக்கிடையே நடப்பவை. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது பெரும் துயரம். வந்து போகிறவர்கள் கவனிக்கவேண்டியது பிக்பாக்கெட், கார் கண்ணாடி உடைப்பு. கார் எடுக்காதீர்கள், போனைக் கையில் விரித்துக்கொண்டு நிற்காதீர்கள். இரவில் துறைமுகக் கரையில் குடும்பங்கள் நிறைய நடக்கும், நீங்களும் நடக்கலாம்.

திரும்ப ஐந்து, ஆறு மணி ரயில் எடுங்கள். கடைசி ரயில் வேண்டாம், அது தாமதமானால் மெட்ரோ தவறும், திங்கள் பள்ளிக்கூடம். காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளை ஓட்டலிலேயே விட்டுவைக்கலாம், கேட்டால் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். வழிக்குக் கொஞ்சம் நவெத் வாங்கிக்கொள்ளுங்கள். தோணி வடிவில், ஆரஞ்சுப் பூ வாசத்தோடு இருக்கும் பிஸ்கட். கெட்டியானது, மாமிக்குத் தேநீரில் தோய்த்துக் கொடுங்கள்.