அலுவலக நன்கொடைக்கு டோனர் அட்வைஸ்டு ஃபண்டைப் பயன்படுத்தலாமா?
வணக்கம். தங்கள் டோனர் அட்வைஸ்டு ஃபண்டிலிருந்து (ஓர் அமைப்பிடம் நன்கொடைப் பணத்தைப் போட்டுவைத்து, யாருக்குத் தருவதென்று பரிந்துரைக்கும் கணக்கு) உணவு வங்கிக்கு 2,000 டாலர் அனுப்பினால் நிறுவனம் மேட்ச் (ஈடாகத் தன் பங்குக்குத் தரும் நன்கொடை) தருமா என்றும், அலுவலக நன்கொடை விருந்துக்கான சீட்டையும் அதிலிருந்தே வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

மேட்ச் கிடைப்பது நிறுவன விதியைப் பொறுத்தது. ஃபண்டில் போட்ட பணம் சட்டப்படி தங்களுடையதன்று, அதை நடத்தும் அமைப்பினுடையது என்பதால், அங்கிருந்து செல்லும் தொகையைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை. மனிதவளப் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால், மேட்ச் உச்சவரம்பு வரை சம்பளப் பிடித்தமாகக் கொடுத்துவிட்டு, ஃபண்டுக்கு, நிறுவனம் ஊதியத்தின் பகுதியாகத் தந்து விலையேறிய ஆர்.எஸ்.யு. பங்குகளை விற்காமல் பங்காகவே மாற்றுங்கள். வெஸ்ட் ஆன (பங்குகள் தங்களுக்கே உரிமையான) நாளிலிருந்து ஓராண்டு கடந்திருந்தால் மூலதன ஆதாய வரி இராது. ஐட்டமைஸ் செய்பவராயின் (வரிக் கணக்கில் கழிவுகளைத் தனித்தனியே காட்டுபவராயின்) சந்தை மதிப்பின் அடிப்படையில், சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 30 விழுக்காடு வரை, கழித்துக்கொள்ளலாம். (பலர் அவசரப்பட்டு விற்றுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.)

விருந்துச் சீட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். சீட்டு விலையில் சாப்பாட்டுக்கான தொகையைக் கையிலிருந்து கொடுத்து, மீதியை ஃபண்டிலிருந்து கொடுப்பதும் ஃபண்டால் தாங்கள் பெறக்கூடாத சொந்த ஆதாயமாகவே கருதப்படும் என்பது அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2017-இல் வெளியிட்ட அறிவிப்பின் நிலைப்பாடு. சீட்டை முழுவதும் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.