'சிக்ஸ் செவன்' எங்கிருந்து வந்தது? – வாசகர் இசைக் கேள்விகள்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் எதைக் கேட்டாலும் 'சிக்ஸ் செவன்' என்று கத்தி, இரண்டு கைகளையும் மேலும் கீழும் ஆட்டுகிறான். அர்த்தம் கேட்டால் சிரிக்கிறான். ஏதாவது கெட்ட வார்த்தையா?

பதில்: இல்லைம்மா, பயப்படாதீர்கள். அவன் எதையும் மறைக்கவில்லை. சொல்வதற்கு அர்த்தமே கிடையாது. அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ராப் பாடகர் ஸ்கிரில்லா. அவருடைய 'டூட் டூட்' என்ற பாட்டு 2024 டிசம்பரில் கசிந்து, 2025 பிப்ரவரியில் முறைப்படி வெளியானது. அதில் ஓரிடத்தில் வரும் இரண்டு எண்கள்தான் இவை. அதற்கு எந்த அர்த்தமும் தான் வைக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்த எண்கள் பாட்டை விட்டு வெளியே வந்த கதை இன்னும் சுவையானது. லமெலோ பால் என்ற கூடைப்பந்து வீரரின் உயரம் ஆறடி ஏழு அங்குலம். இங்கிலீஷில் அதைச் சுருக்கமாக 'சிக்ஸ் செவன்' என்பார்கள். ஒரு வீடியோவில் அவருடைய ஆட்டத்தைப் பற்றி ஒருவர் பேசுகிறார். பேச்சு உயரத்துக்கு வருகிற இடத்தில் அதை வெட்டி, ஸ்கிரில்லாவின் குரலை ஒட்டினார்கள். ஒருவர் பேச்சில் விட்ட இடத்தை இன்னொருவர் பாட்டில் தொடர்கிறார், உடனே ஆட்டக் காட்சி. நான் ஒலித்தொகுப்பு வேலை செய்கிறவன். இந்த வெட்டைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! ஒலியால் மட்டுமே தொடர்புள்ள இரண்டு விஷயங்களைக் காதால் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் பள்ளி வயது கூடைப்பந்து வீரர் ஒருவர், ஒரு பானத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டதற்கு, தராசுத் தட்டு போலக் கைகளை ஏற்றி இறக்கி 'சிக்ஸ்... சிக்ஸ் செவன்' என்றார். உங்கள் மகனின் கையாட்டம் அங்கிருந்து வந்தது. 2025 மார்ச்சில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க வந்த சிறுவன் அதையே கேமராவைப் பார்த்துக் கத்தினான். அந்தத் துணுக்கும் பரவியது. ஒவ்வொரு கை மாறும்போதும் பாட்டு ஒரு படி பின்னால் போனது. அதே வருடம் அக்டோபரில் டிக்ஷனரி டாட் காம் என்ற இணைய ஆங்கில அகராதி '67'ஐ ஆண்டின் சொல்லாக அறிவித்தபோது, அதைச் சொல்ல யாருக்கும் பாட்டு தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். முழுப் பாட்டு வேறு மாதிரி. துப்பாக்கியும் சாவும் அதில் வருகின்றன. மகன் அதைக் கேட்க விரும்பினால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பேசுங்கள்.

கேள்வி: இவ்வளவு நீளப் பாட்டில் ஒரு வரி மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறது? அதுவும் ஏன் பெரும்பாலும் ராப்?

பதில்: பெரும்பாலும் என்று சொல்ல மாட்டேன், எல்லா வகைப் பாட்டும் பரவுகிறது. ஆனால் ராப்புக்கு ஒரு வசதி உண்டு. மெட்டை நடுவில் வெட்டினால் காது அடுத்த சுரத்துக்காகக் காத்திருக்கும். ராப் வரி பல சமயம் தாளத்தின் நான்கு எண்ணிக்கைக்குள் தன் வேலையை முடித்துவிடும். அதைப் பாட வேண்டியதில்லை, சொன்னாலே போதும். சுருதி சேராதவரும் தன் குறுவீடியோவில் துணிந்து வாயசைக்கலாம்.

அதைவிட முக்கியம், அந்த வரி பார்ப்பவருக்குச் செய்ய ஏதாவது கொடுக்கிறதா என்பது. ராப் பாடகி மேகன் தீ ஸ்டாலியன் தன் 'சாவேஜ்' பாட்டில் தன்னைப் பற்றிய சொற்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். 2020 மார்ச்சில் கியாரா வில்சன் என்ற இளம்பெண் அந்த வரிகளுக்கு ஓர் ஆட்டம் அமைத்தார். பிறகு மேகனே அதை ஆடினார். 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டுக்கு ரசிகர்கள் எடுத்த வீடியோக்களில், தாளம் இறங்கும் நொடியில், சாதாரண உடையில் நிற்பவர் சட்டென்று கௌபாய் ஆகிவிடுவார். அந்தப் பாட்டின் தாளத்தை அதைப் பாடிய லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கினார். தானே மீம் போட்டுப் பரப்பினார். 2019இல் அமெரிக்காவின் முன்னணிப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடம்!

கேள்வி: கோடிப் பேர் அந்த வரியைப் பயன்படுத்தினால் பாடகருக்கு நல்ல பணம்தானே?

பதில்: வரி பரவியதும் முழுப் பாட்டைத் தேடிக் கேட்க ஆட்கள் வந்தால் பணம் வரும். வராமலும் போகும். எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. யாரோ பாட்டை வெட்டித் தன் வீடியோவோடு ஏற்றினால், அந்த ஒலி பல நேரம் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று அவர் பெயரிலேயே பதிவாகிறது. அடுத்து எடுப்பவர்களுக்குப் பாடகரின் பெயரே தெரியாது. நீங்கள் வீடியோ போடுகிறவர் என்றால், தயவுசெய்து பாட்டின் பெயரையும் பாடியவரின் பெயரையும் எழுதுங்கள்.

கேள்வி: நான் ராப் எழுதுகிறேன், வயது 19. வைரலாகும்படி ஒரு வரி எழுதுவது எப்படி என்று தம்பிக்குச் சொல்லுங்கள் அண்ணா.

பதில்: தம்பி, 'சிக்ஸ் செவன்' பிடித்ததற்குக் காரணம் ஒரு விளையாட்டு வீரரின் உயரம். அதை யாராலும் திட்டமிட்டு எழுத முடியாது. வைரலுக்காகவே எழுதிய வரியைக் காது உடனே கண்டுபிடித்துவிடும், அந்த வரியைச் சுற்றி மற்ற வரிகள் சும்மா நிற்கும். நீ முழுப் பாட்டை எழுது.

உன் கையில் இருப்பது ஒலிப்பதிவு. உயிரான வரிக்கு முன்னால் தாளத்தை அரை நொடி நிறுத்திப் பார். அந்த இடத்தில் குரலுக்கு மேல் வேறு வாத்தியம் ஏறாமல் பார்த்துக்கொள். ஹெட்போனில் மட்டும் சரிபார்க்காதே, போனின் சின்ன ஸ்பீக்கரில் சொல் தெளிவாக விழுகிறதா என்று கேள். பாட்டு வெளியாகும் நாளிலேயே பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்பித் தரும் உன் விநியோகஸ்தர் வழியாகக் குறுவீடியோச் செயலிகளின் இசைப் பட்டியலிலும் உன் பெயரோடு ஏற்றிவிடு. எந்த 15 நொடி முதலில் ஒலிக்க வேண்டும் என்று கேட்டால் நீயே குறித்துக் கொடு.