வாசகர் கேள்விகள்: விமான நிலையச் சோதனையும் நம் அந்தரங்கமும்

கேள்வி: மகளைப் பார்க்க முதல்முறையாக அமெரிக்கா போகிறேன். அங்கே ஸ்கேனருக்குள் நிற்கவைத்து, உடைக்குள் இருக்கும் உடம்பையே பார்த்துவிடுவார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து மனம் நிம்மதியாக இல்லை. புடவைதான் உடுத்துவேன். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: உறவினர் சொன்னது 2010ஆம் ஆண்டுவாக்கில் உண்மையாக இருந்தது. 2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் ஒருவர் உள்ளாடைக்குள் மறைத்துவைத்திருந்த வெடிபொருளை வெடிக்கச் செய்ய முயன்றார். உலோகத்தை மட்டுமே கண்டறியும் பழைய வாசல்கள் அதைக் காட்டிக்கொடுக்காது என்பதால், அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உடல் ஸ்கேனர்களை அவசரமாகப் பரப்பியது. அவற்றில் ஒரு வகை, மெல்லிய எக்ஸ்ரே கதிர்களை உடம்பின் மீது பாய்ச்சி, திரும்பி வருவதைக் கொண்டு, உடையில்லாத உருவத்தையே திரையில் வரைந்து காட்டியது. அதைத் தனியறையில் ஓர் அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பார்.

படங்கள் சேமிக்கப்படாது என்று அரசு உறுதி சொன்னது. ஆனால் எபிக் என்ற அந்தரங்க உரிமை அமைப்பு வழக்குத் தொடுத்துப் பெற்ற ஆவணங்களில், சரிபார்ப்புக்கான ‘டெஸ்ட்’ முறையில் இயங்கும்போது படங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் இயந்திரத்துக்குத் திறன் இருக்க வேண்டும் என்று அந்த நிர்வாகமே நிபந்தனை விதித்திருந்தது தெரியவந்தது. அதே 2010இல், ஃபுளோரிடாவின் ஆர்லண்டோ நீதிமன்றக் கட்டடத்தில் வேறொரு துறை வைத்திருந்த ஸ்கேனர் சுமார் 35,000 படங்களைச் சேமித்து வைத்திருந்ததும் வெளியானது. சேமிக்கும் வசதியை இயந்திரத்துக்குள் வைத்துவிட்டு, சேமிக்க மாட்டோம் என்று வாயால் சொல்வதை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன். பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் இந்த முறையைக் கொண்டுவந்தது தவறு என்று 2011இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறியது. உடலைக் காட்டாமல் பொதுவான ஓர் உருவத்தை மட்டுமே காட்டும் மென்பொருள் கட்டாயம் என்று 2012இல் சட்டம் வந்தது; எக்ஸ்ரே வகையைத் தயாரித்த நிறுவனத்தால் அதைத் தர இயலாததால், 2013 மே மாதத்துக்குள் அந்த இயந்திரங்கள் அகற்றப்பட்டன.

இப்போது நீங்கள் எதிர்கொள்ளப்போவது மில்லிமீட்டர் அலை ஸ்கேனர். கைகளைத் தலைக்கு மேல் தூக்கிச் சில நொடிகள் நின்றால், எல்லோருக்கும் பொதுவான ஒரு கோட்டு உருவம் திரையில் தோன்றும். சந்தேகத்துக்குரிய இடத்தில் மட்டும் ஒரு சிறு கட்டம் விழும். புடவைக் கொசுவத்தின் மடிப்புகளால் இடுப்பருகே அந்தக் கட்டம் விழுந்தால், பெண் அதிகாரி அவ்விடத்தைக் கையால் தடவிச் சோதிப்பார். பதற வேண்டாம். 2010 டிசம்பரில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் விமான நிலையத்தில், புடவை உடுத்தியிருந்த அப்போதைய இந்தியத் தூதர் மீரா சங்கரையே தனியே அழைத்து இப்படிச் சோதித்தார்கள். இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. ஸ்கேனர் வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். பெரும்பாலும் ஏற்பார்கள், அதற்குப் பதில் முழுமையாகக் கையால் சோதிப்பார்கள். தனியறையும், உடன் வருபவர் ஒருவரின் துணையும் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

நான் உங்களுக்காகக் கவலைப்படுவது ஸ்கேனரைப் பற்றி அல்ல. குடியேற்ற மேசையில் எடுக்கப்படும் முகப்படத்தைப் பற்றி. உங்கள் மகள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருந்தால், அங்கே எடுக்கப்படும் அவருடைய படம் 12 மணி நேரத்துக்குள் அழிக்கப்படும் என்பது விதி. அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கும் உங்கள் படத்தை 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். இதை மறுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இல்லை. 2019இல் அந்நாட்டு எல்லைக் காவல் துறையின் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று, தரைவழி எல்லையில் எடுத்த படங்களை அனுமதியின்றித் தன் கணினிகளுக்குக் கொண்டுபோக, அங்கிருந்து சுமார் 1,84,000 படங்கள் களவு போயின. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை என்ன செய்வது?

கேள்வி: முகத்தை அடையாளம் கண்டு விமான நிலையத்துக்குள் அனுமதிக்கும் டிஜி யாத்ரா திட்டத்தில் நான் பதிவு செய்யவில்லை. ஆனாலும் அண்மையில் ஒரு விமான நிலைய வாசலில் பணியாளர் ஒருவர் என் போர்டிங் பாஸை வாங்கி ஸ்கேன் செய்து, முகத்தையும் படம் எடுத்துவிட்டார். இது கட்டாயமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டாயம் இல்லை. எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலை நெருங்கியபோது ஓர் இளைஞர் புன்னகையுடன் கையிலிருந்த டேப்லெட்டை என் முகத்துக்கு நேரே நிமிர்த்தினார். எதற்கு என்று கேட்டேன். "சீக்கிரம் உள்ளே போயிடலாம் சார்" என்றார். அவர் சொன்ன முழு விளக்கமும் அவ்வளவுதான். சம்மதம் என்பது விவரம் அறிந்து, நிர்ப்பந்தமின்றித் தரப்பட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வரியில் எந்த விவரமும் இல்லை.

டிஜி யாத்ரா 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசி ஆகிய நிலையங்களில் தொடங்கி, 2024 செப்டம்பரில் உங்கள் ஊருக்கும் வந்தது. விவரங்கள் பயணியின் கைபேசியிலேயே இருக்கும், நிலையத்துக்கு அனுப்பப்படுவது விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்படும் என்கிறார்கள். நல்ல வடிவமைப்புதான். ஆனால் இதை நடத்தும் அறக்கட்டளையில் இந்திய விமான நிலைய ஆணையத்தின் பங்கு 26 விழுக்காடு. மீதி ஐந்து விமான நிலைய நிறுவனங்களுடையது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த அறக்கட்டளைக்குப் பொருந்தாது என்பதே அரசுத் தரப்பின் நிலை. அப்படியானால் 24 மணி நேரத்தில் உண்மையிலேயே அழித்தார்களா என்பதை நீங்களும் நானும் எங்கே போய்க் கேட்பது?

அடுத்த முறை, டேப்லெட் நிமிர்வதற்கு முன்பே "டிஜி யாத்ரா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் நிற்கும் வழக்கமான வாசலுக்குச் செல்லுங்கள். பயணச்சீட்டும் அடையாள அட்டையும் போதும். வரிசை நீளமாக இருக்கலாம்; ஆகவே அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்புங்கள். ஏற்கெனவே எடுக்கப்பட்ட படத்தை அழிக்கும்படி அந்த விமான நிலையத்துக்கும் அறக்கட்டளைக்கும் பயணத் தேதியைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேளுங்கள். அவர்கள் தரும் பதிலை எனக்கும் அனுப்பிவையுங்கள்.